ஏக்கருக்கு ஒரு வாக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளாட்சி நிதி என்று தலைப்பு வைத்தால் பாதி அரங்கம் காலியாகிவிடும் என்று துறைத் தலைவர் முன்பே எச்சரித்தார். ஆகவே நிதியை விட்டுவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கலிபோர்னியாவில் வீடு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கவுண்டி அலுவலகத்திலிருந்து சொத்து வரிச் சீட்டு வரும். முதல் தவணைக்கு டிசம்பர் 10 கெடு, இரண்டாம் தவணைக்கு ஏப்ரல் 10. சீட்டின் மேல்பாதி எவருக்கும் விளங்கும். நிலத்துக்கு இவ்வளவு மதிப்பு, கட்டடத்துக்கு இவ்வளவு. சொந்தக்காரரே குடியிருந்தால் 7,000 டாலர் கழிவு. மிச்சத்தில் 1 விழுக்காடு வரி. கீழ்ப்பாதியில்தான் தலை சுற்றும். கொசு ஒழிப்புக்கு ஒரு வரி, தெருவிளக்குக்கும் சாலையோரச் செடிகளுக்கும் ஒரு வரி, வெள்ளக் கரைக்கு ஒரு வரி என்று வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே, மற்ற எல்லாவற்றையும் குள்ளமாக்கிவிடும் தொகையோடு, 'சமூக வசதி வட்டாரம், எண் இத்தனை' என்று ஒன்று நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொலைபேசி எண் இருக்கும். ஏன் இவ்வளவு என்று கேட்பதானால் அந்த எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். கவுண்டி அலுவலகம் வசூல் மட்டும்தான் செய்கிறது. வரி போட்டவர் வேறு யாரோ.

அந்த வேறு யாரோ யார் என்பதே இன்றைய பேச்சு.

அமெரிக்காவில் நகராட்சி, கவுண்டி ஆகியவற்றுக்கு அப்பால் தனி வட்டாரங்கள் என்று ஓர் ஆட்சி அடுக்கு இருக்கிறது. நம் மாவட்டம், தாலுகா போல நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கால்வாய்க்காக, ஒரு சாக்கடைக்காக, ஒரு சுடுகாட்டுக்காகக்கூட ஒரு வட்டாரம் அமைப்பார்கள். அதற்கு எல்லை உண்டு, வாரியம் உண்டு, வரி விதிக்கும் அதிகாரம் உண்டு, கடன் பத்திரம் வெளியிடும் உரிமை உண்டு. 2022-ஆம் ஆண்டின் அரசுகளுக்கான கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறத்தாழ 90,800 உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. அவற்றில் 39,500-க்கு மேற்பட்டவை இத்தகைய தனி வட்டாரங்கள். நான் சொன்ன சமூக வசதி வட்டாரங்கள் அந்தக் கணக்கிலேயே வராது. கணக்கெடுப்பின் கண்ணில் அவை தனி அரசாகாமல், நகராட்சியோ பள்ளி வாரியமோ வரைந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிய நிலம் மட்டுமே.

இப்படிக் கோடு போட்டு வரி வாங்குவதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் பழையது, எளியது. என் வீட்டு வாசலில் சாலை போட்டால் என் மனையின் விலை ஏறுகிறது. பத்து மைல் தள்ளி இருப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை. எனவே சாலைச் செலவை ஊர் முழுக்கப் பரப்பாமல் விலை ஏறிய நிலங்களின் மேல் போடுவோம். நியூயார்க் குடியேற்றத்தில் 1691-லேயே தெருவுக்கும் வடிகாலுக்கும் இப்படி வசூலிக்கச் சட்டம் இருந்தது. மன்ஹாட்டனின் நடுவே இருக்கும் சென்ட்ரல் பார்க்குக்கு வாங்கிய நிலத்தின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பூங்காவைச் சுற்றியிருந்த மனைக்காரர்களிடமிருந்து வந்தது. நம் சட்டமன்றமும் பாசனத் திட்டத்தால் மதிப்புக் கூடிய நிலங்களின் மேல் மேம்பாட்டுப் பங்களிப்பு வசூலிக்க 1955-இல் சட்டம் இயற்றியது. ஆகவே இது அமெரிக்கர் மட்டும் கண்டுபிடித்த வித்தை அல்ல. அவர்கள் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

நியாயம் எளிதுதான். அதை அளந்து பார்க்கும்போதுதான் சிக்கல். ஒஹாயோ மாநிலத்தில் நார்வுட் என்றொரு சிற்றூர். அங்கே பேக்கர் என்ற பெண்மணியின் நிலத்தின் நடுவே தெரு திறக்க வேண்டும் என்று ஊராட்சி முடிவு செய்தது. நிலத்தைக் கையகப்படுத்தியது, 2,000 டாலர் இழப்பீடு என்று நடுவர் குழு தீர்மானித்தது, ஊராட்சியும் கொடுத்தது. அடுத்து, தெரு வந்ததால் உன் மிச்ச நிலத்துக்குத்தான் நன்மை என்று சொல்லி, அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து அதே அம்மாளின் மிச்ச நிலத்தின் மேலேயே விதித்துவிட்டது. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கியதோடு, கொடுத்த கைக்கு ஆன செலவையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. கிடைத்த நன்மைக்கு மிஞ்சி கணிசமாக வாங்கினால், மிஞ்சியது வரி அல்ல, இழப்பீடு தராமல் சொத்தைப் பிடுங்குவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எவ்வளவு வாங்கலாம் என்ற கேள்விக்கு அன்றிலிருந்து ஏதோ ஒரு வரம்பு கிடைத்தது. யாரைக் கேட்டு வாங்குவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்விக்குக் கலிபோர்னியா முதலில் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மாநிலத்தின் நடுச் சமவெளியில் 1880-களில் பெரிய பண்ணைக்காரர்கள் கோதுமை விதைத்தார்கள், மாடு மேய்த்தார்கள். மழையே போதும், கால்வாய் எதற்கு என்பது அவர்கள் கட்சி. சிறு நிலக்காரர்களுக்கும் ஊர்க் கடைக்காரர்களுக்கும் கால்வாய் வேண்டும். மொடெஸ்டோ பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ரைட் என்பவர் 1887-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பாசன வட்டாரம் அமைக்கலாமா என்று வாக்கெடுக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வசிக்கும் வாக்காளர் அனைவரும் ஓட்டுப் போடலாம், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடனை அடைக்கும் வரி மட்டும் நிலத்தின் மேல். டர்லாக்கில் முதல் வட்டாரம் அந்த ஆண்டே அமைந்தது. பத்தாயிரம் ஏக்கர் வைத்திருந்தவருக்கும் ஒரு ஓட்டு, அவர் குதிரைக்கு லாடம் அடித்தவருக்கும் ஒரு ஓட்டு. நிலமில்லாதவன் ஓட்டுப் போட்டு என் நிலத்தின் மேல் கடன் ஏற்றுவதா என்று பண்ணையார்கள் நீதிமன்றம் போனார்கள். 1896-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. இன்று அந்தச் சமவெளியில் பாதாமும் திராட்சையும் விளைவதற்கு அந்த ஓட்டும் ஒரு காரணம்.

ஆக 1887-இல் கணக்கு இது: ஓட்டு மனிதருக்கு, சுமை நிலத்துக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இது மெல்லத் தலைகீழாவதைப் பார்க்கப் போகிறோம்.

இடையில் ஒரு விபத்தையும் சொல்லியாக வேண்டும். 1920-களில் தென் கலிபோர்னியாவில் மனை வியாபாரம் தறிகெட்டு ஓடியது. புதுப் புதுத் தெருக்கள் போட 1925-இல் ஒரு சட்டம் வந்தது. மேட்டூன் சட்டம் என்று ஊரில் பேர். அதில் ஒரு விதி: வட்டாரத்துக்குள் ஒருவர் வரி கட்டாவிட்டால் அந்தப் பாக்கியை மற்றவர் மேல் ஏற்றலாம். கடன் கொடுத்தவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்க முடியாது. பிறகு பெருமந்தம் வந்தது. வேலை போன பக்கத்து வீட்டுக்காரர் வரியை நிறுத்தினார், அவர் பங்கும் இவர் மேல் விழுந்தது. அது தாங்காமல் இவரும் நிறுத்தினார், இரண்டு பங்கும் அடுத்தவர் மேல் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸிலும் சான் டியேகோவிலும் தெரு போட்டு, நடைபாதை கட்டி, வீடே வராமல் புல் முளைத்துக் கிடந்த பகுதிகள் பல. ஒழுங்காக வரி கட்டியவரே முதல் தண்டனை பெற்றார். கடைசியில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் கலிபோர்னியச் சட்டம் எழுதுபவர்களின் மனதில் தங்கிவிட்டது. பிறகு அதற்குத் திரும்ப வருகிறேன்.

இப்போது துலாரே ஏரி. மிசிசிப்பிக்கு மேற்கே ஒரு காலத்தில் இதுதான் மிகப் பெரிய நன்னீர் ஏரி. ஆறுகளைத் திருப்பி, கரை போட்டு, ஏரியை வற்றவைத்து, படுகையைப் பருத்தி வயலாக்கிவிட்டார்கள். அந்தப் படுகையில் ஒரு நீர்ச் சேமிப்பு வட்டாரம். 1,93,000 ஏக்கர் பரப்பு. உள்ளே குடியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து வெறும் 77 பேர், பெரும்பாலும் பண்ணை ஆட்கள். நிலத்தில் 85 விழுக்காட்டை நான்கு நிறுவனங்கள் உழுதன. வாரியத் தேர்தலில் ஓட்டு குடியிருப்பவருக்கு இல்லை, நிலச் சொந்தக்காரருக்கு. அதுவும் தலைக்கு ஒன்றாக இல்லாமல், நிலத்தின் மதிப்பில் 100 டாலருக்கு ஒன்று. ஜே. ஜி. பாஸ்வெல் என்ற ஒரே நிறுவனத்திடம் 37,825 ஓட்டு இருந்தது. வாரியத்தின் பெரும்பான்மையை அது ஒன்றே தேர்ந்தெடுத்துவிடலாம்.

1969-இல் வெள்ளம் வந்தது. தண்ணீரைத் தெற்கே இருந்த பியூனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடலாம் என்று வாரியத்தில் ஒரு தீர்மானம். அந்தப் படுகையிலும் பாஸ்வெல்லுக்கு நீண்ட காலக் குத்தகை உண்டு. தண்ணீர் விட்டால் அடுத்த பருவ விளைச்சல் போய்விடும். தீர்மானத்தை 6-க்கு 4 என்ற கணக்கில் கிடப்பில் போட்டார்கள். தண்ணீர் துலாரேயிலேயே நின்றது. மூழ்கிய நிலங்களில் சாலியர் குடும்பத்தின் நிலமும் ஒன்று. அவர்களும் சிறு விவசாயிகள் அல்ல, பாஸ்வெல்லின் பரம்பரைப் போட்டியாளர்கள். ஏழை அழுத கதை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் வழக்கில் அவர்களோடு சிறு நிலக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உச்ச நீதிமன்றம் 1973-இல் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: வட்டாரம் செய்யும் வேலை குறுகியது, செலவு நிலத்தின் மேல் விழுகிறது, ஆகவே நிலமே ஓட்டுப் போடலாம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ரெங்க்விஸ்ட். மாறுபட்டவர்களில் டக்ளஸ் கேட்ட கேள்வி வேறு: வெள்ளம் நிலத்தை மட்டுமா மூழ்கடிக்கும்? அங்கே படுத்து உறங்குகிறவர்களின் வீட்டையும் அல்லவா மூழ்கடிக்கும்?

அந்த ஏரி 2023-இல் திரும்ப வந்தது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர். எந்தக் கரையை உடைப்பது, எந்த நிலத்தைக் காப்பது என்ற சண்டையும் கூடவே திரும்ப வந்தது.

1978-க்கு வருவோம். கலிபோர்னியாவில் வீட்டு விலை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் என்ற இருவர் கையெழுத்து திரட்டி ஒரு திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் 13-ஆம் முன்மொழிவு. ஜூன் 6-ஆம் நாள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மதிப்பை 1975-76 நிலைக்கு இறக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கை மாறினால் சந்தை விலைக்கு மறுமதிப்பு. சிறப்பு வரி எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்ப வேண்டும். உள்ளாட்சிகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து வரி ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் சரிந்தது.

முதியவர்களின் தவிப்பு உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தத் திருத்தம் ஒரு சங்கடத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தது. புதுக் குடியிருப்பு ஒன்று வந்தால் அதற்குப் பள்ளி வேண்டும், தீயணைப்பு நிலையம் வேண்டும், குடிநீர்க் குழாய் வேண்டும், கழிவுநீர் நிலையம் வேண்டும். பழைய ஊர்க்காரர் வரி உறைந்துவிட்டது. அவர் உன் பள்ளிக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பார். ஆயிரம் வீடு கட்டுகிறேன் என்று வரும் நிறுவனத்திடம், பள்ளிக்குப் பணம் எங்கே என்று நகராட்சி கேட்கும்.

1982-இல் செனட்டர் ஹென்றி மெல்லோ, சட்டமன்ற உறுப்பினர் மைக் ரூஸ் இருவரும் கொண்டுவந்த சட்டம் இதற்கு வழி செய்தது. இன்றும் அந்த ஊரில் வீடு வாங்குபவர்கள் தரகரிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, மெல்லோ-ரூஸ் உண்டா, எவ்வளவு என்பது. அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் அத்துபடி. இர்வைனிலோ சான் ரமோனிலோ வீடு தேடிய எவரையும் கேட்டுப் பாருங்கள்.

இது இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பொட்டல் நிலம், 200 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் வாங்கியிருக்கிறது. நகராட்சி அந்த நிலத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, இது ஒரு சமூக வசதி வட்டாரம் என்கிறது. கோட்டுக்குள் கடன் பத்திரம் வெளியிடவும், அதை அடைக்கச் சிறப்பு வரி விதிக்கவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்பவேண்டும் என்பது 13-ஆம் முன்மொழிவு போட்ட விதி. கோட்டுக்குள் வாக்காளர் எங்கே? முயல்தான் இருக்கும். சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: பதிவு செய்த வாக்காளர் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் நிலச் சொந்தக்காரர் ஓட்டுப் போடலாம், ஏக்கருக்கு ஒன்று.

நகர மன்றக் கூட்டத்தில் இது நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பொது விசாரணை தொடங்குகிறது என்று மேயர் அறிவிப்பார். பேச விரும்புகிறவர் உண்டா? இல்லை. விசாரணை முடிந்தது. தேர்தலுக்குச் சட்டம் கொடுத்த கால அவகாசத்தைச் சொந்தக்காரரே எழுத்து மூலம் விட்டுக்கொடுத்திருப்பார். ஆகவே அதே இரவில் தேர்தல். எழுத்தர் ஒரு உறையைப் பிரிப்பார், உள்ளே ஒரே ஒரு சீட்டு. ஆதரவு 200, எதிர்ப்பு பூஜ்யம். அடுத்த பொருள், நூலக நேர மாற்றம். பல கோடி டாலர் கடனுக்கு, 30 ஆண்டு வரிக்கு, அந்தத் தேர்தல் முடிந்துவிட்டது.

அதன்பின் பத்திரம் விற்பார்கள். வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பதால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே வாங்குவார். நகராட்சியின் பெயரில் பத்திரம் வந்தாலும் நகராட்சி அதற்குப் பொறுப்பல்ல. கோட்டுக்குள் இருக்கும் நிலம் மட்டுமே ஈடு. அதனால் நிலத்தின் மதிப்பு அதன் மேல் ஏறும் கடனைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று சட்டம் பொதுவாகக் கேட்கிறது. வாங்கிய பணத்தில் சாலையும் குழாயும் பள்ளியும் வரும். வீடுகள் விற்கும். வீட்டோடு வரியும் கை மாறும். வீட்டு விலையோடு இந்த வரிக்குத் தொடர்பில்லை. பெரும்பாலும் கட்டடத்தின் சதுர அடியை வைத்து வரும். கணக்குக்காக 10 லட்சம் டாலர் வீடு என்று வையுங்கள்: வழக்கமான 1 விழுக்காடு 10,000 டாலர், அதற்கு மேல் மெல்லோ-ரூஸ் ஒரு 4,000 என்றால் 14,000. பல நகராட்சிகள் மொத்தச் சுமை வீட்டு விலையில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தமக்குத் தாமே ஒரு கட்டு வைத்திருக்கின்றன.

கட்டாவிட்டால்? சாதாரணச் சொத்து வரிப் பாக்கிக்கு வீட்டை ஏலம் விட ஐந்து ஆண்டுவரை பொறுப்பார்கள். மெல்லோ-ரூஸ் பாக்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில மாதங்களில் நீதிமன்றத்தில் ஜப்தி வழக்குத் தொடுப்பதாகப் பத்திரம் வாங்கியவர்களுக்கு நகராட்சி முன்கூட்டியே உறுதி எழுதிக் கொடுத்திருக்கும். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோல அங்கேயும் வாங்குபவர் பார்க்க வேண்டும். சட்டம் உதவாமல் இல்லை. விற்பவர் சிறப்பு வரி அறிவிப்பைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த மூன்று நாளுக்குள் வாங்குபவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுத்து, வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பிடித்த பிறகு மூன்று நாளில் யார் முறிக்கப் போகிறார் என்பது வேறு கேள்வி.

மேட்டூன் சட்டத்தின் பயத்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன். மெல்லோ-ரூஸ் சட்டத்தில் வீடுகளுக்கான விதி ஒன்று: பக்கத்து மனைக்காரர் கட்டாமல் போனதற்காக உங்கள் வரியை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. உச்ச வரியும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வளராது. கட்டுமானத்துக்கான வரி எந்த ஆண்டோடு முடியும் என்று முதலிலேயே எழுத வேண்டும். 1930-களில் அடிபட்டவர்களின் அனுபவம் இந்த மூன்று வாக்கியங்களிலும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்வது எளிது. இந்த விதிகளுக்காக அவர்களைப் பாராட்டவும் வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது என்றால், ஒப்புதல் கொடுத்த கை ஒன்று, கட்டும் கை இன்னொன்று என்பதில். 1887-இல் நிலம் கட்டியது, மனிதர் ஓட்டுப் போட்டார். 1973-இல் நிலம் கட்டியது, நிலமே ஓட்டுப் போட்டது; அதில் குறைந்தபட்சம் ஒரு நேர்கோடு உண்டு. மெல்லோ-ரூஸில் ஓட்டுப் போடும் நிறுவனம் சில ஆண்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விடும். மிச்சம் 25 ஆண்டு கட்டப் போகிறவர் அந்த இரவில் அந்த ஊரிலேயே இல்லை. சிலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாங்கும்போது தெரிந்துதானே வாங்கினார்கள் என்று கேட்கலாம். பொருளியல் மாணவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: வரி உண்டென்றால் வீட்டு விலை அந்த அளவுக்குக் குறைந்துவிடும், கடைசியில் சுமை நிறுவனத்தின் மேலேயே விழுகிறது. ஏட்டில் இது சரி. எதிரெதிர்த் தெருவில் ஒன்றில் வரி உண்டு, மற்றதில் இல்லை என்று இரண்டு வீட்டை ஒப்பிட்டு வாங்குபவர் கொஞ்சம் பேரம் பேசுவார். ஊர் முழுக்கப் புது வீடெல்லாம் இப்படி என்றால் எதை வைத்துப் பேரம் பேசுவார்?

மக்களுக்கு எரிச்சல் வராமல் இல்லை. 1996-இல் 218-ஆம் முன்மொழிவு வந்தது. மேம்பாட்டு விதிப்பு, அதாவது மனைக்குக் கிடைக்கும் நன்மைக்கு ஈடாக வாங்கும் தொகை, போடுவதானால் அந்த மனைக்கென்று தனியாகக் கிடைக்கும் நன்மையை ஊருக்குப் பொதுவான நன்மையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்; சொந்தக்காரர்களுக்குத் தபாலில் சீட்டு அனுப்ப வேண்டும்; எதிர்ப்பு மிஞ்சினால் விதிக்க முடியாது. இங்கேயும் சீட்டின் எடை, அவரவர் கட்டும் தொகையைப் பொறுத்தது. 2008-இல் சாந்தா கிளாரா பகுதியில் திறந்தவெளிகளைக் காக்க ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 20 டாலர் விதித்ததை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மலையழகு எல்லாருக்கும் பொதுவான நன்மை, மனைக்கென்று தனி நன்மையைக் காட்டவில்லை என்று. 2014-இல் சான் டியேகோ வேறொரு வேடிக்கை பார்த்தது. மாநாட்டு மண்டபத்தை விரிவாக்க ஹோட்டல்களின் மேல் வரி போட, நகரம் முழுவதையும் ஒரு வசதி வட்டாரமாக்கி, ஹோட்டல் நிலக்காரர்களை மட்டும் ஓட்டுப் போட வைத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊரில் வாக்காளர் இல்லையா என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரியை அடித்துவிட்டது. முயல் மட்டும் இருக்கும் நிலத்துக்கென்று எழுதிய விதியை நகரத்தின் நடுவே பயன்படுத்தப் பார்த்த துணிச்சல்!

புளோரிடா இந்த இக்கட்டை நேராகவே பார்த்தது. 1980-இல் அங்கே வந்த சட்டப்படி சமுதாய மேம்பாட்டு வட்டாரத்தின் முதல் வாரியத்தை நிலக்காரர்கள் ஏக்கருக்கு ஓர் ஓட்டு என்று தேர்ந்தெடுப்பார்கள். ஆறு ஆண்டு கழிந்து, வாக்காளர் 250 பேர் வந்துவிட்டால் வாரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியிருப்பவர் கைக்கு மாறும். நல்ல யோசனை. ஆனால் குடியிருப்பவர் வாரியத்துக்கு வரும்போது கடன் பத்திரம் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருக்கும். எஞ்சியிருப்பது நீச்சல் குளத்தை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதுபோன்ற தீர்மானங்கள்தான். 2008 சரிவில் வீடே கட்டாத பல வட்டாரங்களின் பத்திரங்கள் தவணை தவறின. அந்த அடி குடியிருப்பவர்களைவிட முதலீட்டாளர்கள் மேல் அதிகம் விழுந்தது.

டிஸ்னி கதையை இங்கே விட மனமில்லை. 1967-இல் புளோரிடா சட்டமன்றம் டிஸ்னிக்கென்றே ரீடி கிரீக் மேம்பாட்டு வட்டாரத்தை உண்டாக்கியது. 25,000 ஏக்கர் அளவு; வாரியத்தை நிலக்காரர் தேர்ந்தெடுப்பார்; நிலக்காரர் என்றால் டிஸ்னி. சாலை, மின்சாரம், தீயணைப்பு எல்லாம் வட்டாரமே பார்த்துக்கொண்டது. 2022-இல் ஓர் அரசியல் மோதலில் மாநில அரசு அந்த வட்டாரத்தையே கலைக்கச் சட்டம் போட்டது. உடனே கேள்வி எழுந்தது: வட்டாரத்தின் ஏறத்தாழ நூறு கோடி டாலர் கடனை யார் அடைப்பார்? ஆரஞ்ச், ஒசியோலா கவுண்டி மக்களா? பத்திரம் வாங்கியவர்களின் உரிமையைக் குறைக்க மாட்டோம் என்று மாநிலமே 1967 சட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. கடைசியில் 2023-இல் வட்டாரத்தைக் கலைக்காமல் பெயரை மாற்றி, வாரியத்தை ஆளுநர் நியமிப்பார் என்று முடித்தார்கள். ஒரு பெரிய நிறுவனத்தையும் ஒரு ஆளுநரையும் ஒருசேர நிறுத்திய பெருமை, பெயர் தெரியாத பத்திரக்காரர்களையே சேரும்.

கட்டப் போகிறவரையே கேட்டு வாங்கியதற்கு நமக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, வேறு சூழல் என்றாலும். 1990-களின் கடைசியில் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி நிலத்தடிச் சாக்கடைத் திட்டத்துக்கு, வேலை தொடங்கும் முன்னரே வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. நகராட்சித் தலைவர் ஆர். எஸ். பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மக்கள் கட்டினார்கள், சாக்கடையும் வந்தது. அங்கே பணம் கேட்கப்பட்டவர்கள் கொசுக்கடியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். கேட்டார்கள், வாதாடினார்கள், பிறகு ஒப்பினார்கள். புது நகரத்தில் அந்த வசதி கிடையாது. கேட்கப்படவேண்டியவர் இன்னும் வரவில்லை. ஆலந்தூரை அப்படியே அங்கே பெயர்த்து வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே மெல்லோ-ரூஸை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பள்ளிகள் பல எழுந்திருக்காது, அல்லது அந்தச் செலவு வீட்டு விலையில் ஒரே தவணையாக ஏறியிருக்கும். இளம் குடும்பங்களுக்கு அது இன்னும் கடினம். குழாய், சாலை, கழிவுநீர் நிலையம் ஆகியவை மனிதர் வருமுன்பே வேண்டியவை. அவற்றுக்கு நிலம் ஓட்டுப் போடுவதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. கடன் அடைந்ததும் வரி நின்றுவிடும், முடியும் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது.

என் மறுப்பு அதே வட்டாரங்களில் இன்று பரவலாகப் போடப்படும் இன்னொரு வரிக்கு. பூங்காப் பராமரிப்பு, காவல், தீயணைப்பு ஊழியர் சம்பளம் போன்ற சேவைகளுக்கான சிறப்பு வரி. இதற்கு முடியும் ஆண்டு என்று ஒன்றைச் சட்டம் கேட்பதில்லை. பொட்டல் காட்டில் ஓர் இரவில் ஒரு உறையிலிருந்து வந்த ஒப்புதல், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து வீடு வாங்கும் பிள்ளைக்கும் பொருந்தும். சேவை என்பது ஆண்டுக்கு ஆண்டு தேவை மாறுவது. அதற்கான வரியை, உள்ளே குடியேறியவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும் அவர்கள் முன் ஒருமுறை வாக்குக்கு வைத்தாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். பத்திரக்காரருக்கு இதில் நட்டமில்லை, ஏனென்றால் சேவை வரியின் மேல் கடன் இல்லை. 1996 திருத்தம் உள்ளூர் வரியைக் குறைக்கக் கையெழுத்து இயக்கம் நடத்தும் உரிமையை மக்களுக்குக் கொடுத்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதில் கையெழுத்து திரட்டி, வழக்கறிஞர் வைத்து, தேர்தலுக்குக் கொண்டுபோகும் பாரம் வேலையிலிருந்து மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தம்பதியின் மேல் விழுகிறது. நிறுவனத்துக்கு அன்று அந்தப் பாரம் எதுவும் இருக்கவில்லை. வாக்குக் கேட்டுப் போக வேண்டியவர் வரி போட்டவர்தான்.